தாயும் மகளும் அமரும் மேசை: அமெரிக்கத் திருச்சபை இளையோர் குழுவின் வசந்தகால விருந்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சீர்திருத்தத் திருச்சபைகளில், அதிலும் மெதடிஸ்ட், லுத்தரன், பாப்திஸ்து சபைகள் ஆழ வேரூன்றிய நடுமேற்கு மாநிலங்களின் சிற்றூர்களில், குளிர் விலகி மரங்கள் துளிர்க்கத் தொடங்கும் நாட்களில் தாய்மாரும் மகள்மாரும் மட்டும் கூடி உண்ணும் விருந்து ஒன்று பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. ஆலயத்தை ஒட்டியோ அதன் அடித்தளத்திலோ அமைந்திருக்கும் ஐக்கிய மண்டபத்தில், அதாவது வழிபாட்டுக்கு வெளியே சபையார் கூடிப் பேசவும் உண்ணவும் கட்டப்பட்ட கூடத்தில், நீண்ட மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, நடுவில் பூ வைத்து, சபையின் ஆண்கள் ஏப்ரன் கட்டிப் பரிமாற, பெண்கள் அந்த ஒரு மாலை முழுவதும் அடுப்படிப் பக்கமே போகாமல் அமர்ந்து உண்பது இதன் பழைய வடிவம். பெண்கள் சங்கம் நடத்திவந்த இந்த விருந்தைப் பதினொன்று முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள் சேர்ந்திருக்கும் இளையோர் குழுவும் தன் ஆண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாக நடத்தும்போது, பழைய வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை. பாட்டி முதல் பேத்தி வரை எல்லா வயதினரும் வரும் விருந்தில் ஒரு சிறுமி கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிடலாம். இளையோர் குழுவின் விருந்திலோ அவளும் அவளுடைய தாயும் அருகருகே அமர்ந்து ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். அந்த வயதில் பேச்சு எளிதாக வருவதில்லை என்பதால், இந்த விருந்தைத் திட்டமிடுவது மண்டப அலங்காரத்தையும் உணவுப் பட்டியலையும் காட்டிலும் நுட்பமான வேலையாகிறது.

இந்த வழக்கத்தின் பின்னணியில் ஒரு தாயும் ஒரு மகளும் இருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியா நிலப்பகுதியில் வாழ்ந்த ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற பெண்மணி, பிள்ளைகள் நோயில் மாண்டுபோவதைத் தன் வீட்டிலேயே கண்டவர்; 1858இல் அண்டை ஊர்த் தாய்மாரைத் திரட்டி, வீட்டுச் சுகாதாரத்தையும் பாலின் தூய்மையையும் கவனிக்கும் தாய்மார் பணிச் சங்கங்களைத் தொடங்கினார். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அச்சங்கங்கள் இரு தரப்புப் படைவீரருக்கும் பணிவிடை செய்தன. கிராப்டன் நகரின் ஆண்ட்ரூஸ் மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் ஆலயத்தில் நெடுங்காலம் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்த அவர் 1905 மே 9 அன்று இறந்தார். தாய்மாரின் உழைப்பை நினைவுகூர ஒரு நாள் வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தை நிறைவேற்றுவதைத் தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்ட மகள் அன்னா ஜார்விஸின் முயற்சியால், 1908 மே 10 ஞாயிறன்று அதே ஆலயத்தில் அன்னையர் நாள் வழிபாடு நடந்தது. தாய் விரும்பிய வெள்ளைக் கார்னேஷன் மலர்கள் ஐந்நூறை மகள் அந்த ஆலயத்துக்கு அனுப்பிவைத்தார். 1914இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் மே மாத இரண்டாம் ஞாயிறை அன்னையர் நாளாக அறிவித்தார். மலர் வணிகரும் வாழ்த்து அட்டை வணிகரும் அந்த நாளைக் கைப்பற்றிக்கொண்டதைப் பொறுக்கமாட்டாமல் அன்னா தம் பிற்கால வாழ்வை அதை எதிர்ப்பதிலேயே செலவிட்டு 1948இல் மறைந்தார் என்பதும் இங்கே கருதத்தக்கது. ஏனெனில் இன்று ஒரு இளையோர் குழு விருந்துக்கு எவ்வளவு செலவிடலாம், எதற்குச் செலவிடலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அந்தப் பழைய மனத்தாங்கல் மீண்டும் தலைகாட்டுகிறது.

இங்கிலாந்துத் திருச்சபை மரபில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறாக வரும் தாய்மார் ஞாயிறு இந்த அன்னையர் நாளினின்றும் வேறானது, காலத்தால் மிகவும் முற்பட்டது. அதே இங்கிலாந்தில் மேரி சம்னர் 1876இல் தொடங்கிய தாய்மார் சங்கம் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் ஆங்கிலிக்கன் சபைகளில் கிளைவிட்டது. ஆனால் தாயையும் மகளையும் இணைத்து அழைத்து விருந்து வைக்கும் வழக்கம் வளர்ந்தது அமெரிக்க மண்ணில்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தந்தை-மகன் விருந்துகளும் தாய்-மகள் விருந்துகளும் அந்நாட்டுச் சபைகளில் பரவலாயின.

கிராப்டனில் வெள்ளை மலராகத் தொடங்கிய வழக்கம் பின்னாளில் இரு நிறமாகப் பிரிந்தது. தாய் உயிரோடிருப்பவர் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு மலரும், தாயை இழந்தவர் வெள்ளை மலரும் அணிய வேண்டும் என்பது பல சபைகளில் நிலைத்தது. இறந்த தாயை மதிக்கும் நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கமே அது. நடுவயதுப் பெண்ணொருத்தி வெள்ளை மலரைப் பெருமையோடு அணியவும் கூடும். ஆயினும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி அந்த மலரை நெஞ்சில் குத்திக்கொண்டு தன் தோழியர் நடுவே நடந்துசெல்வதை எண்ணிப் பார்த்தால், இந்த விருந்தின் முதற்சிக்கல் புலப்படும். தாயை மரணத்தில் இழந்தவள், மணமுறிவுக்குப் பின் தந்தையோடு வாழ்பவள், வளர்ப்பு இல்லத்தில் தற்காலிகமாக வைக்கப்பட்டிருப்பவள், பாட்டியால் வளர்க்கப்படுபவள், தாய் படைப்பணியிலோ சிறையிலோ மருத்துவமனையிலோ இருப்பவள், சனிக்கிழமைகளில் விடுப்புக் கிடைக்காத வேலையில் தாய் இருப்பவள், ஆலயத்துக்கு வரவே விரும்பாத தாயைக் கொண்டவள் என இளையோர் குழுவில் இருக்கக்கூடிய பெண்பிள்ளைகளின் நிலைகள் பல. இரண்டு தாய்மாரைக் கொண்ட பிள்ளையும் உண்டு. பெற்றவளை அழைப்பதா, தந்தையின் இரண்டாம் மனைவியை அழைப்பதா என்று அவள் தனக்குள் தவிப்பது வெளியே தெரிவதில்லை. நிகழ்ச்சிக்குத் தலைமை ஏற்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது குழுவின் பெயர்ப் பட்டியலையே. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளையோடு யார் வரக்கூடும் என்பதைத் தெளிவாக அறிந்த பிறகே நாள் குறிப்பதும் அழைப்பு அச்சிடுவதும் முறையாகும். இந்த வரிசை மாறிப்போனால், மீதி எல்லா ஏற்பாடுகளும் சிறப்பாக அமைந்தாலும் ஒரு பிள்ளையாவது அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

அழைப்பின் சொற்கள் இந்த இடத்தில் பெரும் வேலை செய்கின்றன. தாயையும் மகளையும் மட்டும் சுட்டி எழுதிவிட்டு, தாய் இல்லாதவர்கள் வேறு யாரையாவது அழைத்துவரலாம் என்று கீழே சிறு எழுத்தில் சேர்ப்பது, விலக்கியபின் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்வதாகவே படிப்பவளுக்குப் படும். தன்னை வளர்த்தவரையோ, வழிநடத்துபவரையோ, தான் நேசிக்கும் மூத்த பெண்மணி ஒருவரையோ ஒவ்வொரு பிள்ளையும் அழைத்துவரலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக, அழைப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் தாய், பாட்டி, அத்தை, ஞானஸ்நானத்தில் தாயாக நின்றவர் ஆகிய எல்லோரும் ஒரே வாசல் வழியே உள்ளே வருகிறார்கள். இக்காரணம் பற்றியே பல சபைகள் இந்த விருந்தின் பெயரையே மாற்றி, பெண்களின் வசந்தகால விருந்து என்று வழங்கத் தொடங்கியுள்ளன. பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. தாய் என்ற உறவைப் பெயரிலிருந்து அகற்றிவிட்டால் விருந்தின் நோக்கமும் சற்று மங்கிப்போகும் என்று கருதுவோரின் பேச்சிலும் நியாயம் உண்டு. பெயர் எதுவாயினும் அழைப்பின் முதல் வரி அகலமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

துணைக்கு வர யாருமில்லாத பிள்ளைக்குச் சபையிலிருந்து ஒரு மூத்த பெண்மணியை இணைத்துவிடும் ஏற்பாடு நல்லது. ஆனால் அந்த இணைப்பு விருந்து நாளன்று வாசலில் வைத்துச் செய்யப்படுவதாக இருக்கக் கூடாது. பிள்ளையிடமே தனியாகக் கேட்டு, அவள் பெயர் சொல்லும் ஞாயிறு பள்ளி ஆசிரியையையோ பாடகர் குழுவில் அருகில் நிற்பவரையோ சில வாரங்களுக்கு முன்பே அணுக வேண்டும். இங்கே பாதுகாப்பு விதிகளும் குறுக்கிடுகின்றன. சிறுவர்களைத் தீங்கிலிருந்து காக்கும் நெறிமுறைகளை அமெரிக்கச் சபைகள் கடந்த முப்பதாண்டுகளில் கண்டிப்பாக்கியிருக்கின்றன. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை 1996இல் இதற்கெனத் தீர்மானம் இயற்றியது. பிள்ளைகளோடு பணிபுரிபவரின் பின்னணியைச் சரிபார்ப்பது, உறவினரல்லாத இரு பெரியவராவது எப்போதும் உடனிருப்பது ஆகியவை அந்நெறிகளில் முதன்மையானவை. துணைத்தாயாக வருபவர் பிள்ளையைத் தம் காரில் தனியாக ஏற்றிவருவது அன்பின் செயலாகத் தோன்றினாலும், விதிப்படி அது தவிர்க்க வேண்டியதாகும். பிள்ளைகளின் படங்களைச் சபையின் முகநூல் பக்கத்தில் வெளியிடவும் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் தேவை. வளர்ப்பு இல்லத்துப் பிள்ளைகளின் படங்களை வெளியிடவே கூடாது என்பதை நிழற்படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

யார் திட்டமிடுவது என்ற கேள்விக்குத் திருச்சபை இளையோர் இயக்கத்தின் வரலாறே ஒரு விடையை வைத்திருக்கிறது. 1881 பிப்ரவரியில் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்டியன் எண்டவர் சங்கம், பின்னர் உலகெங்கும் பரவித் தமிழ்ச் சபைகளிலும் அதே பெயரால் அறியப்பட்டது. இளைஞர்களே பொறுப்புகளை ஏற்றுக் குழுக்களை நடத்த வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஜெபக்கூட்டத்துக்கு ஒரு குழு, புதியவரைச் சேர்க்க ஒரு குழு என்பதுபோல், ஒன்றுகூடல்களையும் விருந்துகளையும் கவனிக்கத் தனிக் குழுவும் அதில் இருந்தது. பெரியவர்கள் எல்லாவற்றையும் முடித்துவைத்துவிட்டுப் பிள்ளைகளை வந்து அமரச் சொல்லும் விருந்தில் மகள்மாரும் தாய்மாரைப்போலவே விருந்தினர் ஆகிவிடுகிறார்கள். நான்கைந்து பெண்பிள்ளைகள் கொண்ட சிறு குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்து, இரு பெரியவர்கள் பின்னிருந்து உதவினால், அலங்காரம் கொஞ்சம் கோணலாக அமையலாம், பாட்டு ஒன்று சுருதி விலகலாம். ஆனால் தன் மகள் பொறுப்பேற்று நிற்பதைத் தாய் காண்பதே அந்த மாலையின் பெரும்பகுதி மகிழ்ச்சியாக இருக்கும்.

நாள் குறிப்பதில் அமெரிக்கப் பள்ளி ஆண்டின் போக்கைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. மே மாதம் அன்னையர் நாளுக்கு உரியது என்றாலும், பள்ளி இறுதித் தேர்வுகள், பட்டமளிப்பு, விளையாட்டுப் போட்டிகள் ஆகியவை அந்த மாதத்திலேயே நெருக்குகின்றன. அன்னையர் நாளன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாட்டி வீட்டுக்கோ உணவகத்துக்கோ போகும் சொந்தத் திட்டம் இருக்கும். ஆகவே ஈஸ்டர் பண்டிகைக்கும் மே இரண்டாம் ஞாயிறுக்கும் இடைப்பட்ட ஒரு சனிக்கிழமை நண்பகலோ ஞாயிறு பிற்பகலோ பொருத்தமாகிறது. எட்டு வாரத்துக்கு முன் பட்டியலும் நாளும், ஆறு வாரத்துக்கு முன் அழைப்பு, இரண்டு வாரத்துக்கு முன் வருகை உறுதி என்ற அளவு போதும். நிகழ்ச்சி இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பதின்வயதினர் சோர்ந்துவிடுவர்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று சீட்டு விற்பது கணக்குக்கு எளிது. ஆனால் இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது சுமையாகிறது, இலவசச் சீட்டு கேட்பதோ கூச்சத்தைத் தருகிறது. வாசலில் ஒரு காணிக்கைப் பெட்டியை வைத்து, விரும்பியதைப் போடலாம் என்று விட்டுவிட்டு, பற்றாக்குறையைச் சபையின் இளையோர் நிதியிலிருந்து ஈடுசெய்வதே மேலானது. மேசை அலங்காரச் செலவைப் பெரிதும் குறைக்கும் பழைய முறை ஒன்றும் அமெரிக்கச் சபைகளில் உண்டு. சபையின் பெண்மணி ஒருவர் ஒரு மேசைக்குப் பொறுப்பேற்று, தம் வீட்டுப் பீங்கான் தட்டுகளையும் கோப்பைகளையும் மேசை விரிப்பையும் கொண்டுவந்து தம் விருப்பப்படி அலங்கரிப்பார். அவரே அந்த மேசையின் இல்லத்தரசி. ஐந்தடி விட்டமுள்ள வட்ட மேசையில் எட்டுப் பேர் வசதியாக அமரலாம் என்பதால், நாற்பது பேர் வரும் விருந்துக்கு ஐந்து இல்லத்தரசிகள் போதும். ஒவ்வொரு மேசையும் வெவ்வேறு வீட்டின் சாயலோடு அமைவதால் மண்டபத்துக்குக் கிடைக்கும் உயிர்ப்பை வாடகை அலங்காரம் தருவதில்லை. மேலும், பேச்சு தயங்கும் மேசையில் தம் பாட்டியின் தேநீர்க் கோப்பையைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் இல்லத்தரசி, மற்றவர்களையும் பேசவைத்துவிடுவார்.

உணவில் பழைய விருந்தின் பட்டியல் அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருந்தது: பன்றி இறைச்சியான ஹாம், பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, பச்சைப் பீன்ஸ், பழத்துண்டுகள் மிதக்கும் வண்ண ஜெல்லி, இறுதியில் கேக். இளையோர் குழுவுக்குச் சிறு சாண்ட்விச்களும் பழங்களும் தேநீரும் கொண்ட பிற்பகல் சிற்றுண்டியே செலவிலும் உழைப்பிலும் ஏற்றது. ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் முறையை மேற்கொண்டால், உணவுப் பாதுகாப்பில் கவனம் வேண்டும். அமெரிக்க உணவுத்துறைகளின் அறிவுரைப்படி, சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், குளிர்ந்த உணவு 4 டிகிரிக்கு மேலும் போகாமல் வைக்கப்பட வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த உணவை எடுத்துவிட வேண்டும். கோழி இறைச்சியும் மயனைஸும் சேர்ந்த சாலட் வழிபாடு முடியும்வரை மண்டப மேசையில் காத்திருப்பது இவ்வகை விருந்துகளில் எளிதில் நேரும் தவறு. ஒவ்வாமை பற்றிய கேள்வியை வருகை உறுதிச் சீட்டிலேயே சேர்த்துவிடலாம். பால், முட்டை, மீன், இறால் நண்டு முதலிய ஓட்டுடலிகள், மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டோடு 2023 முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பது பொருள்களை அமெரிக்கச் சட்டம் முதன்மை ஒவ்வாமைப் பொருள்களாகக் கொள்கிறது. கொண்டுவரும் பாத்திரத்தின் பக்கத்தில் அதிலுள்ளவற்றை எழுதிவைக்கச் சொல்வது ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கக்கூடியது.

பரிமாறும் வேலையை ஆண்களிடம் விடும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. தந்தையரோடு இளையோர் குழுவின் ஆண்பிள்ளைகளும் தட்டு ஏந்தி நின்றால், தங்கள் குழுவின் ஒரு நிகழ்ச்சியிலிருந்து தாங்கள் விலக்கப்பட்டோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வராது. விருந்து முடிந்தபின் பாத்திரம் கழுவும் வேலையும் அவர்களுடையதே என்பது முதலிலேயே தெளிவாக வேண்டும்.

நிகழ்ச்சிநிரலில்தான் மிகுதியும் பிழைகள் நேர்கின்றன. பழைய விருந்துகளில் மிக மூத்த தாய்க்கும், மிக இளைய தாய்க்கும், அதிக மகள்மாரைப் பெற்றவருக்கும் பரிசளிப்பது கட்டாயம் இருந்தது. குழந்தைப்பேறு வாய்க்காதவரும் பிள்ளையை இழந்தவரும் அதே மண்டபத்தில் கைதட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்பதை எண்ணினால் அந்தப் பரிசுகளைத் தொடர மனம் வராது. பதின்வயதுப் பெண்களுக்கான விருந்தில் ஆடை அணிவகுப்பும் ஒப்பனைப் பயிற்சியும் சேர்க்கப்படுவதும் உண்டு. தன் உடலைப் பற்றிய கூச்சமும் ஒப்பீடும் உச்சத்தில் இருக்கும் வயதில், தாயின் கண்முன் தோழியரோடு மேடையேறச் சொல்வது பல பிள்ளைகளுக்கு வேதனையாகவே முடியும். தாயும் மகளும் தனித்தனியே விடை எழுதிப் பின்னர் ஒப்பிடும் வினாடி வினா விளையாட்டு நன்றாகச் செல்லும். கேள்விகள் எடை, மதிப்பெண், காதல் ஆகியவற்றின் பக்கம் போகாதபடி திட்டக் குழு முன்கூட்டியே படித்துப் பார்க்க வேண்டும்.

பேச்சாளர் ஒருவரை அழைத்து முக்கால் மணி நேரம் பேசவைப்பதைவிட, கைகளுக்கு ஒரு வேலை கொடுப்பது பேச்சை இலகுவாக்கும். எதிரெதிரே அமர்ந்து மனம்விட்டுப் பேசுங்கள் என்றால் திகைத்துப்போகும் தாயும் மகளும், ஒரு துணியின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு வேலைசெய்யும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாததாலேயே, கேட்க நினைத்ததைக் கேட்டுவிடுகிறார்கள். பஞ்சுபோன்ற பிளீஸ் துணியில் இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரங்களைப் பட்டைபட்டையாக வெட்டி முடிச்சிட்டால் தையலே இல்லாமல் ஒரு போர்வை ஆகிவிடும். இதை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடித்து, வீட்டுக்கு எடுத்துச்செல்லாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கோ புகலிடத்துக்கோ கொடுத்துவிடலாம். லுத்தரன் சபைப் பெண்கள் பல பத்தாண்டுகளாக ஒட்டுத்துணிகளை இணைத்து, ஐந்தடி அகலமும் ஆறேமுக்கால் அடிக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உள்ள மெத்தைப் போர்வைகளைத் தைத்து, லுத்தரன் உலக நிவாரண அமைப்பின் வழியே போராலும் பஞ்சத்தாலும் இடம்பெயர்ந்தவர்களுக்கு அனுப்பிவருகிறார்கள். அந்தப் பணியில் ஒரு போர்வையைத் தாய்-மகள் இணைகள் பலவாகச் சேர்ந்து தைப்பது அழகான ஏற்பாடு. சமையலறையில் ஆர்வமுள்ள குழுவுக்கு வேறொரு வேலை பொருந்தும்: மூன்றங்குலத்துக்கு ஐந்தங்குல அட்டையில், தாய் வாயால் சொல்லச்சொல்ல, வீட்டின் ஒரு பதார்த்தத்தின் செய்முறையை மகள் எழுத வேண்டும். அளவு எவ்வளவு என்ற கேள்வியில் தொடங்கி, அது யாரிடமிருந்து கற்றது, எந்த ஆண்டு, எந்த வீட்டில் என்று கேள்விகள் தாமாகவே நீளும்.

தமிழ் வழிபாடு நடத்தும் சபைகள் அமெரிக்காவின் பெருநகரங்கள் சிலவற்றில் உள்ளன. தாயின் ஆங்கிலமும் மகளின் தமிழும் பாதிவழியில் நின்றுவிடும் அந்த வீடுகளுக்கு இத்தகைய கைவேலை இன்னும் கூடுதலாகப் பயன்படக்கூடும். தாய்க்கு மனப்பாடமாக இருக்கும் ஒரு கீர்த்தனையை அவர் வரிவரியாகச் சொல்ல, தமிழ் படிக்கத் தெரியாத மகள் அதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு, கடைசியில் இருவரும் சேர்ந்து பாடலாம். துணைத்தாய் என்ற ஏற்பாட்டுக்கும் அங்கே தனி முயற்சி தேவைப்படாது. சபையின் மூத்த பெண்கள் எல்லோரையும் ஆன்ட்டி என்றும், நெருங்கியவர்களைப் பெரியம்மா, சித்தி என்றும் பிள்ளைகள் ஏற்கெனவே அழைத்துப் பழகியிருப்பதால், தாய் வராத பிள்ளையின் பக்கத்து நாற்காலியில் ஒரு சித்தி வந்து அமர்வது யாருக்கும் விந்தையாகத் தோன்றாது.

வேதத்திலிருந்து ஒரு சிறு தியானம் இல்லாமல் திருச்சபை விருந்து நிறைவு பெறாது. பத்து நிமிடத்துக்கு மிகாத அந்தத் தியானத்துக்கு எல்லோரும் உடனே எடுப்பது நகோமியும் ரூத்தும் பற்றிய கதை. அவர்கள் மாமியும் மருமகளும் என்பதால், பெற்ற உறவுக்கு அப்பாலும் தாய்மை உண்டு என்பதைச் சொல்ல அது மிகப் பொருத்தம். தன் குழந்தையை நாணற்பெட்டியில் வைத்த தாய் யோகெபேத்தும், தூரத்தில் நின்று காவல் காத்த மகளும் பற்றிய யாத்திராகமக் கதையில் ஆபத்தான வேலை ஒன்றைத் தாயும் மகளும் பகிர்ந்துகொள்கிறார்கள். நோயுற்ற மகளுக்காக இயேசுவிடம் விடாமல் வழக்காடிய சீரோபேனிக்கியா நாட்டுப் பெண்ணின் கதை, மகளின் நோயைச் சுமக்கும் தாய்மாருக்கு ஆறுதல் தரும். விருந்து ஒன்றில் தாயும் மகளும் சேர்ந்து இடம்பெறும் சுவிசேஷக் காட்சியோ மாற்கு 6ஆம் அதிகாரத்தின் ஏரோதுவின் பிறந்தநாள் விருந்துதான். என்ன கேட்கட்டும் என்று மகள் வந்து கேட்க, தாய் ஏரோதியாள் தன் பகையை அவள் வாயில் வைத்து அனுப்புகிறாள். தாய் தன் நிறைவேறாத ஆசையையும் கோபத்தையும் மகளின் வழியே தீர்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய கேடு என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்லும் பகுதி வேதத்தில் இல்லை. கொண்டாட்ட நாளுக்கு இது கடுமையானது என்று பலர் தயங்கக்கூடும். பதினாறு பதினேழு வயதுப் பெண்கள் மிகுந்த குழுவாக இருந்தால், பக்குவமாகப் பேசத் தெரிந்த ஒருவர் அதை எடுத்துப் பேசுவது பயனுள்ளதே.

உரையாடலைத் தூண்டும் சீட்டுகளை மேசைதோறும் வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. கேள்விகள் பொதுவாக இருந்தால் விடைகளும் பொதுவாகவே வரும். மகளின் இன்றைய வயதில் தாய் எதற்கு மிகவும் பயந்தார், அந்த வயதில் வீட்டில் யாரோடு அதிகம் சண்டையிட்டார், எந்த நாளில் தன் தாயைப் புரிந்துகொண்டதாக உணர்ந்தார் என்பவைபோல் திட்டமான ஒரு காலத்தைச் சுட்டும் கேள்விகளே மனத்தைத் திறக்கும். மகள் தாயைக் கேட்பதும் தாய் மகளைக் கேட்பதும் மாறிமாறி அமைய வேண்டும். இல்லையென்றால் அது பெரியவரின் அறிவுரையாக மாறிவிடும். விடை சொல்ல விரும்பாத சீட்டை மறுபடி அடுக்கில் வைத்துவிடலாம் என்று இல்லத்தரசி தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். சீட்டுக்குக் கிடைத்த விடைகளை மேடையில் வாசிக்கச் சொல்லவே கூடாது.

சில நேரம் ஒரு கேள்வி எதிர்பாராத புண்ணைத் தொட்டு, தாயோ மகளோ அழுதுவிடுவதும் நேரும். மண்டபத்தை ஒட்டிய அமைதியான அறை ஒன்றைத் திறந்துவைத்து, போதகரின் மனைவியோ ஆலோசனைப் பயிற்சி பெற்ற வேறொரு பெண்மணியோ கூப்பிடும் தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் தனக்கு நேரும் துன்பத்தைப் பிள்ளை ஒருத்தி அன்று வெளியிட்டால், அதை யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை மாநிலச் சட்டமும் சபையின் நெறிமுறையும் வகுத்திருக்கின்றன. பொறுப்பிலுள்ள பெரியவர்கள் அதை முன்பே படித்துவைத்திருக்க வேண்டும்.

விருந்து முடிந்த வாரத்தில் திட்டக் குழு இன்னொரு முறை கூடுவது அவசியம். எத்தனை பேர் உறுதி சொல்லி எத்தனை பேர் வந்தனர், எந்த உணவு மீந்தது, எந்தக் கேள்விச் சீட்டுகள் தொடப்படாமல் கிடந்தன, காணிக்கைப் பெட்டியில் சேர்ந்தது எவ்வளவு, எந்த மேசையில் பேச்சு கடைசிவரை இறுக்கமாகவே இருந்தது என்பவற்றை எழுதி, அழைப்பின் படி ஒன்றையும் சேர்த்து ஒரு கோப்பில் வைத்தால், இளையோர் குழுவில் மூத்தவர்கள் பள்ளி முடித்து வெளியேறிவிட்ட பின்னும் அடுத்த ஆண்டுக் குழுவுக்கு அது கையேடாகும். அழைத்தும் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அந்த வாரத்திலேயே யார் போய் விசாரிப்பது என்பதையும் அக்கூட்டத்திலேயே பெயர் குறித்து முடிவுசெய்துகொள்கிறார்கள்.